நாலு ஸ்ட்ரிங் போதும்: பேஸ் கிட்டாரை பி வரைக்கும் இறக்குவது எப்படி?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். அனுப்பியவர் ஒரு காலேஜ் பேண்டில் பேஸ் வாசிக்கிறவர். கேள்வியைச் சுருக்கிச் சொல்றேன். பேண்டில் இருக்கும் இரண்டு கிட்டாரிஸ்ட்டுகளும் டிராப் பி ட்யூனிங்குக்குப் போய்விட்டார்கள். இவரிடம் இருப்பது சாதாரண நாலு ஸ்ட்ரிங் பேஸ். "நான் என்ன வாசிச்சாலும் கேக்கவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. அடுத்த ஷோவுக்குள்ள அஞ்சு ஸ்ட்ரிங் வாங்கு, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க. இருக்கறத வித்துட்டு இ.எம்.ஐ. போட்டு வாங்கணுமாண்ணா?"

வேண்டாம். விக்காதீங்க. ஆனா உங்க பேண்ட்காரங்க சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. முதல்ல அதைப் பார்த்துடலாம்.

சாதாரண ட்யூனிங்கில் பேஸின் நாலு ஸ்ட்ரிங்கும் ஈ, ஏ, டி, ஜி. அடியில் இருக்கும் ஈ-யின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடி ஈ அதைவிட சரியாக ஒரு ஆக்டேவ் மேலே, 82.4 ஹெர்ட்ஸ். இந்த ஒரு ஆக்டேவ் இடைவெளிதான் பேஸுக்கு பேண்டில் கிடைத்திருக்கும் சொந்த இடம். இப்போது கிட்டார் டிராப் பி-க்கு இறங்கினால் அதன் அடி ஸ்ட்ரிங் 61.7 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது. அந்த நோட்டுக்கு இவர் எங்கே போவார்? ஏ ஸ்ட்ரிங்கில் இரண்டாவது ஃப்ரெட். அதுவும் 61.7 ஹெர்ட்ஸ். அதாவது ஹெவியான டிஸ்டார்ஷனோடு ரெண்டு கிட்டார் வாசிக்கிற அதே நோட்டை, அதே உயரத்தில் இவரும் வாசிக்கிறார். கீழே ஒரு ஆக்டேவ் காலியாகவே கிடக்கிறது. வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் இது தீராது. ஆம்ப்பில் கோளாறு இல்லை, வாசிக்கிறவரிடமும் இல்லை.

ஆகவே 30.9 ஹெர்ட்ஸில் இருக்கும் அடி பி நமக்கு வேண்டும். அதற்கு அஞ்சாவது ஸ்ட்ரிங் கட்டாயம் இல்லை. மேலே இருக்கும் ஜி-யை விட்டுக்கொடுக்கத் தயாரானால், நாலு ஸ்ட்ரிங்கையும் பி, ஈ, ஏ, டி என்று மாற்றிக்கொள்ளலாம். அஞ்சு ஸ்ட்ரிங் பேஸின் கீழ் நாலு ஸ்ட்ரிங் அப்படியே உங்கள் நெக்கில் வந்து உட்கார்கிறது. ஹெவி மியூசிக் வாசிக்கிறவர்கள் ஜி ஸ்ட்ரிங்கில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தால் இந்த வியாபாரம் நஷ்டமாகத் தெரியாது. ஸ்லாப் வாசிக்கிறவர், மேலே சோலோ போகிறவர் என்றால் கணக்கு வேற. அவங்க நிஜமாவே அஞ்சு ஸ்ட்ரிங் பக்கம் யோசிக்கலாம்.

இறக்கி ட்யூன் செய்வது ஒன்றும் புதிய பழக்கம் இல்லை. பிளாக் சபாத் 1971-ல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாடல்கள் ஒன்றரை டோன் இறக்கப்பட்டவை. டோனி அயோமி பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தவர். தளர்ந்த ஸ்ட்ரிங் அவருடைய விரலுக்கு இதமாக இருந்தது. பேஸில் கீசர் பட்லரும் கூடவே இறங்கினார். அஞ்சு ஸ்ட்ரிங்கின் கதை இன்னும் வேடிக்கை. ஃபெண்டர் கம்பெனி 1965-ல் ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அவர்கள் சேர்த்தது அடியில் பி இல்லை, மேலே சி! அடி பி-க்கு ஆசைப்பட்டவர்களில் முக்கியமானவர் ஆன்டனி ஜாக்சன். அவருக்காக கார்ல் தாம்சன் 1975-ல் ஆறு ஸ்ட்ரிங் பேஸ் ஒன்றைச் செய்து கொடுத்தார்.

சரி, வேலைக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் செய்வது, இருக்கிற ஈ ஸ்ட்ரிங்கையே பெக்கைத் திருப்பித் திருப்பி பி வரைக்கும் தளர்த்துவது. பண்ணிப் பாருங்க. ஸ்ட்ரிங் துணிக்கொடி மாதிரி தொங்கும், ஃப்ரெட்டில் மோதி கடகடவென்று சத்தம் போடும், எந்த நோட் என்றே தெரியாது. காரணம் எளிமையான பௌதிகம். ஸ்ட்ரிங்கின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஈ-யிலிருந்து டி-க்கு ஒரு டோன் இறக்கினால் இழுவிசையில் சுமார் 20 சதவீதம் போய்விடும். சி-க்கு இறக்கினால் 37 சதவீதம். பி-க்குப் போனால் 44 சதவீதம். ஏறத்தாழ பாதி! அந்த ஸ்ட்ரிங்கிடம் போய் ஒழுங்கா வாசின்னு சொன்னா அது என்ன பண்ணும்?

அப்படியானால் சுருதியை இறக்க வேறு என்ன வழி? எடையைக் கூட்டுவது. மிருதங்கக் கச்சேரிக்கு முன்னால் வித்வான் இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலைத் தளர்த்தாமலே அதன் எடையைக் கூட்டி, நாதத்தைக் கீழே இறக்குகிற வேலை அது. பேஸ் ஸ்ட்ரிங்கின் உள்ளே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. அதன்மேல் சுற்றுச் சுற்றாக இன்னொரு கம்பி சுற்றப்பட்டிருப்பதும் இதே காரியத்துக்குத்தான். சுற்று தடிக்கத் தடிக்க எடை கூடும், இழுவிசை குறையாமல் சுருதி இறங்கும்.

எவ்வளவு தடிமன் வேண்டும்? சாதாரண செட்டில் ஈ ஸ்ட்ரிங் 0.100 அல்லது 0.105 அங்குலம். கடையில் "நூத்தி அஞ்சு" என்றே சொல்வார்கள். பி-யிலும் அதே விறைப்பு வேண்டுமென்றால் கணக்குப்படி 0.140 வரை போக வேண்டும். சாதாரணமாக அஞ்சு ஸ்ட்ரிங் செட்டில் வருவது 0.130 அல்லது 0.125. நூத்தி முப்பது போட்டால் பழைய ஈ ஸ்ட்ரிங்கின் விறைப்பில் சுமார் 85 சதவீதம் கிடைக்கும். கொஞ்சம் இளக்கம், ஆனால் வாசிக்கலாம். என் ஓட்டு 130-க்கு. 125 விரலுக்குச் சுகம்தான், வேகமாகப் பிக் போட்டால் மண்டி மாதிரி கலங்கிவிடும். 135, 140 வேண்டுமென்றால் தனி ஸ்ட்ரிங்காகத் தேட வேண்டியிருக்கும்.

ஆக, வாங்க வேண்டியது ஒரு அஞ்சு ஸ்ட்ரிங் செட். 45, 65, 80 அல்லது 85, 100 அல்லது 105, கடைசியில் 130. இதில் மெல்லிசான 45-ஐ எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மீதி நாலையும் போடுங்கள். பி-ஈ-ஏ-டி என்றே தனியாக விற்கும் செட்டுகளும் இருக்கின்றன, கிடைத்தால் அதுவே போதும். வாங்கும்போது ஸ்கேல் நீளத்தைப் பாருங்கள். ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்ததிலிருந்து 34 அங்குலம்தான் வழக்கமான நீளம். உங்களுடையது 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் என்றால் அதே ஸ்ட்ரிங், அதே சுருதியில், சுமார் 22 சதவீதம் இழுவிசை குறைவு. அதில் பி வரைக்கும் போவது சிரமம். சி-யோடு நிற்பது நல்லது.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். நிறைய பேர் பயப்படுகிற இடம் இது. "இவ்ளோ தடி ஸ்ட்ரிங் போட்டா நெக் உடைஞ்சிடாதா?" உடையாது. சாதாரண ட்யூனிங்கில் நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை ஏறத்தாழ 75 முதல் 80 கிலோ. நீங்கள் ஜி ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிட்டு பி-யைச் சேர்க்கிறீர்கள். 130-ன் இழுவிசை அந்த ஜி-யைவிடக் கொஞ்சம் குறைவுதான். மொத்தத்தில் நெக்கின் மேல் வரும் பாரம் ஒரு சில கிலோ குறையும், அவ்வளவுதான். நெக்கைப் பொறுத்தவரை உண்மையில் ஆபத்தான காரியம் பழைய மெல்லிய ஸ்ட்ரிங்கையே பி-க்குத் தளர்த்தி வைப்பது. அப்போது 30 கிலோவுக்கு மேல் ஒரேயடியாகப் போய்விடும். உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் மட்டும் பழைய பலத்தோடு பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். நெக் பின்பக்கமாக வளைந்து, முதல் நாலு ஃப்ரெட்டில் எதைத் தொட்டாலும் உரசும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பேஸுடன் வந்த ஆலன் கீ, சின்ன ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு ஸ்கேல், ஒரு கேப்போ. அப்புறம் ஃபீலர் கேஜ். மியூசிக் கடையில் தேடி அலையாதீங்க. டூவீலர் மெக்கானிக் டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வைத்திருப்பாரே, தகடு தகடாக விசிறி மாதிரி, அதேதான். ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.

இனி, இந்த வேலையிலேயே திரும்பிப் போக முடியாத ஒரே இடம்: நட். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே, ஸ்ட்ரிங்குகள் தாண்டிப் போகும் வெள்ளைப் பட்டை. அதில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் 105, 85, 65, 45 தடிமனுக்காக வெட்டப்பட்டவை. 130 ஸ்ட்ரிங் 105 பள்ளத்தில் இறங்காது. வாசலில் மாட்டிக்கொண்ட பீரோ மாதிரி மேலேயே உட்கார்ந்திருக்கும். விளைவு மூன்று. முதல் சில ஃப்ரெட்டில் அழுத்துவது கஷ்டம். அங்கே வாசிக்கும் நோட்டுகள் எல்லாம் சுருதி ஏறிக் கேட்கும், ஏனென்றால் ஸ்ட்ரிங் வெகுதூரம் கீழே வளைய வேண்டியிருக்கிறது. ட்யூன் பண்ணும்போது ஸ்ட்ரிங் பள்ளத்தில் மாட்டி "டிங்" என்று சத்தம் போட்டு குதிக்கும், ட்யூனிங் நிற்காது.

அதனால் பள்ளங்களை அகலப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றும் கால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சின்ன அளவுதான், ஆனால் அரம் போட்ட பிறகு பொருளை ஒட்டவைக்க முடியாது. எனவே என் யோசனை: பழைய நட்டைத் தொடவே தொடாதீர்கள். கழற்றி எடுத்து பத்திரமாக வையுங்கள். புதிய நட் ஒன்று வாங்கி அதில் வேலை செய்யுங்கள். எலும்பில், பிளாஸ்டிக்கில், கிராஃபைட் கலந்ததில் என்று பல வகை உண்டு. நாளைக்கு பேஸை விற்க நினைத்தாலோ பழைய ட்யூனிங்குக்குத் திரும்ப நினைத்தாலோ அந்தப் பழைய நட் உங்களைக் காப்பாற்றும். நட்டைக் கழற்றும்போது சுற்றியிருக்கும் பெயின்ட் பெயர்ந்துவிடாமல் ஓரத்தை முதலில் பிளேடால் மெதுவாகக் கீறிவிடுங்கள். இது மட்டும் பயமாக இருந்தால் நல்ல கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

நீங்களே செய்வதாக இருந்தால் நட்டுக்கென்று வரும் அரம்தான் நல்லது. விலை உறுத்தும். ஒரு தடவை வேலைக்கு, பழைய ஸ்ட்ரிங் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி இழுக்கலாம். தாளின் தடிமனும் சேரும் என்பதால், வேண்டிய அளவைவிட ஒரு படி மெல்லிய ஸ்ட்ரிங்கை எடுங்கள். பள்ளத்தை இரண்டு பக்கமும் சமமாக விரியுங்கள்; ஒரே பக்கமாகப் போனால் ஸ்ட்ரிங் ஃப்ரெட்போர்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விரல் பட்டால் வழுக்கி விழும். பள்ளத்தின் தரை ஹெட்ஸ்டாக் பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரிங் கடைசியாகத் தொடும் இடம் ஃப்ரெட்போர்டு பக்கத்து விளிம்பாக இருந்தால்தான் திறந்த ஸ்ட்ரிங் தெளிவாக ஒலிக்கும், இல்லாவிட்டால் தம்புராவில் ஜீவாளி வைத்த மாதிரி ரீங்காரம் வரும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி ஸ்ட்ரிங்கை வைத்துப் பாருங்கள். ஆழம் சரியா என்று பார்க்க எளிய வழி: மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவுக்கு ஒளி தெரிந்தால் போதும். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டிலேயே படுத்திருந்தால் தாண்டிப் போய்விட்டீர்கள். அப்படி ஆனால் ஆப்ப சோடாவைத் துளி பள்ளத்தில் தூவி, மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல் மாதிரி இறுகும், திரும்ப வெட்டலாம். தற்காலிக வைத்தியம்தான்.

அடுத்து ஸ்ட்ரிங் மாட்டுவது. ஒரே சமயத்தில் நாலையும் கழற்றினாலும் நெக்குக்கு ஒன்றும் ஆகாது, பயம் வேண்டாம். தடி ஸ்ட்ரிங்கை வெட்டும் முன் ஒரு காரியம்: வெட்டப்போகிற இடத்துக்கு முன்னால் செங்குத்தாக மடித்துக்கொள்ளுங்கள், பிறகு வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, ஸ்ட்ரிங்கின் உயிரே போய்விடும். பெக்குக்கு அப்பால் நாலைந்து அங்குலம் விட்டு வெட்டினால் ரெண்டு சுற்று வரும். பி-க்கு அதுவே போதும். பெக்கின் பிளவுக்குள் தடியான பகுதி நுழையவில்லை என்றால் பலவந்தம் பண்ணாதீங்க. நுனியில் மெலிந்து வரும் டேப்பர் ஸ்ட்ரிங் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. மாட்டி ட்யூன் செய்த பிறகு நட்டுக்கு முன்னாலும் பிரிட்ஜ் சாடிலுக்கு முன்னாலும் கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கை ஒரு அழுத்து அழுத்துங்கள். தடி ஸ்ட்ரிங் அந்த இடங்களில் வில் மாதிரி வளைந்து நிற்கும், அதை நேராக்கத்தான்.

இப்போது ட்ரஸ் ராட். வரிசை முக்கியம்: புது ஸ்ட்ரிங், புது ட்யூனிங், அதற்குப் பிறகுதான் இது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் அடி ஸ்ட்ரிங்கை அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங்கே ஒரு மட்டக்கோல். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விடுங்கள். சாதாரணமாக 0.30 மில்லிமீட்டர் சொல்வார்கள். பி-க்கு 0.35 முதல் 0.40 வரை வையுங்கள், ஏனென்றால் கீழே போகப் போக ஸ்ட்ரிங் அகலமாக ஆடும். அதற்கு இடம் வேண்டும். இடைவெளி போதவில்லை என்றால் ட்ரஸ் ராடைத் தளர்த்துங்கள், அதாவது இடப்பக்கமாக. அதிகம் என்றால் வலப்பக்கமாக இறுக்குங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பவே கூடாது. திருப்பி, திரும்ப ட்யூன் பண்ணி, அளந்து பார்த்து, முடிந்தால் ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளங்கள். மரம் மெதுவாகத்தான் நகரும். அதிக பலம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். ஆலன் கீ துளையில் சுழல ஆரம்பித்தாலும் நிறுத்திவிடுங்கள். ட்ரஸ் ராட் உடைந்தாலோ தலை மழுங்கினாலோ ஆகும் செலவு சில பேஸ்களின் விலையையே தொட்டுவிடும்.

அப்புறம் ஆக்‌ஷன். பதினேழாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் அடிப்பாகத்துக்கும் ஃப்ரெட்டின் உச்சிக்கும் உள்ள தூரம். தடி ஸ்ட்ரிங் பக்கம் 2.5 முதல் 2.8 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் என்று ஆரம்பியுங்கள். சாடிலில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களால் ஏற்றி இறக்கலாம். யூடியூபில் 1.5 வைத்து வாசிக்கிறவரைப் பார்த்து ஆசைப்படாதீங்க. அவர் கை லேசு, அவர் சுருதி வேற.

உரசல் எங்கே கேட்கிறதோ அதுவே நோயைச் சொல்லிவிடும். திறந்த ஸ்ட்ரிங்கில் மட்டும் உரசினால் நட் பள்ளம் ஆழம். முதல் அஞ்சு ஃப்ரெட்டுக்குள் என்றால் நெக் ரொம்ப நேராக இருக்கிறது, ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் என்றால் ஆக்‌ஷனை ஏற்றுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும். அன்-ப்ளக்டாக லேசாக உரசி, ஆம்ப்பில் கேட்காத உரசலுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்டோனேஷன் பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகிற இடம். திறந்த ஸ்ட்ரிங் சரியாக பி காட்டும். ஏழாவது ஃப்ரெட்டுக்குப் போனால் கிட்டாரோடு ஒட்டாது. தடி ஸ்ட்ரிங் விறைப்பானது, நட்டிலும் சாடிலிலும் சட்டென்று மடியாது. அதனால் அது தன் நீளத்தைவிடச் சற்றுக் குட்டையாகவே நடந்துகொள்ளும். ஈடுகட்ட சாடிலைப் பின்னால் தள்ளி ஸ்ட்ரிங்கை நீளமாக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஹார்மோனிக் தட்டி ட்யூனரைப் பாருங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசித்துப் பாருங்கள். அழுத்திய நோட் ஏறியிருந்தால் சாடில் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால். பி ஸ்ட்ரிங்குக்கு சாடில் மற்ற எல்லாவற்றையும்விடப் பின்னால் போய் நிற்கும். சில பிரிட்ஜில் ஸ்பிரிங் முழுவதும் நசுங்கி இனி இடமில்லை என்று நிற்கும். அப்போது ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதியாக வெட்டிப் போடுங்கள், அல்லது எடுத்தே விடுங்கள். ஸ்ட்ரிங்கின் இழுப்பே சாடிலைப் பிடித்துக்கொள்ளும்.

ட்யூனர் பற்றி ஒரு வார்த்தை. ஹெட்ஸ்டாக்கில் மாட்டும் சின்ன கிளிப் ட்யூனரும் போன் ஆப்பும் 31 ஹெர்ட்ஸில் திணறும். முள் இங்கேயும் அங்கேயும் ஓடும். உங்கள் பேஸில் கோளாறு இல்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கை வைத்து ட்யூன் பண்ணுங்கள், அது 61.7-ல் இருப்பதால் எல்லா ட்யூனரும் பிடிக்கும். முடிந்தால் கேபிள் செருகும் ட்யூனர். இன்னொன்று, தளர்ந்த ஸ்ட்ரிங்கை ஓங்கி அடித்தால் முதல் கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். மேடையில் எந்த பலத்தில் அடிப்பீர்களோ அதே பலத்தில் அடித்து ட்யூன் செய்யுங்கள்.

பிக்கப்பைப் பொதுவாக யாரும் தொடுவதில்லை. தொட வேண்டும். 130 ஸ்ட்ரிங்கில் இரும்பு அதிகம், ஆட்டமும் அதிகம். பிக்கப் அருகிலேயே இருந்தால் காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுத்து, நோட் அழுவது மாதிரி அலையும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பிக்கப் காந்தத்துக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் விட்டு ஆரம்பியுங்கள். மற்ற மூன்று ஸ்ட்ரிங்கையும்விட பி சத்தமாகக் கேட்டால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு ரிகர்சலில் போய் நின்றவுடன் எல்லோரும் செய்யும் அடுத்த காரியம் ஆம்ப்பில் பேஸ் நாபை முழுவதும் ஏற்றுவது. அதைச் செய்யாதீங்க. பெரும்பாலான பேஸ் கேபினெட்டுகளால் 31 ஹெர்ட்ஸைச் சரியாக வெளியிட முடியாது. ராக் மேடைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் ஆம்பெக் எட்டுக்குப் பத்து கேபினெட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் எஸ்.வி.டி. 810-ஈ மாடலே 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கிவிடும். பிறகு பி எப்படிக் கேட்கிறது? 62, 93, 123 என்று மேலே வரும் ஹார்மோனிக்குகளை வைத்து நம் காது அடி சுருதியைத் தானே கட்டிக்கொள்கிறது. போன் ஸ்பீக்கரிலும் பேஸ் லைன் புரிவது இதனால்தான். ஆகவே தெளிவு வேண்டுமென்றால் உயர்த்த வேண்டியது மிட். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிட்டால் ஆம்ப் வீணாக மூச்சு வாங்காது, கிக் டிரம்மோடும் சண்டை வராது. பிரிட்ஜ் பக்கம் நகர்ந்து வாசித்தாலே பாதி தெளிவு கையிலேயே கிடைக்கும்.

பி வரைக்கும் போக வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு இதில் பாதி வேலைகூட இல்லை. எப்போதாவது ஒரு பாட்டுக்கு டிராப் டி மட்டும் என்றால் ஈ-யை ஒரு டோன் இறக்கி வாசித்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள், எதையும் கழற்ற வேண்டாம். அடிக்கடி மாற்ற வேண்டும் என்றால் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் என்று ஒரு பெக் இருக்கிறது. நெம்புகோலைத் தட்டினால் ஈ நேராக டி-க்கு இறங்கும். நாலு ஸ்ட்ரிங்கையும் ஒரு டோன் இறக்கி நிரந்தரமாக வைக்கப் போகிறவர்கள் 110-ல் தொடங்கும் தடி செட் போட்டால் விறைப்பு ஓரளவு திரும்பி வரும், நட்டில் லேசான வேலைதான். டிஜிடெக் டிராப் மாதிரி பெடல் வைத்து மின்னணு முறையில் இறக்கலாம். ஒரு டோன், ஒன்றரை டோன் வரை ஏமாற்றலாம்; பி வரைக்கும் அதை நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு கணக்கு: ஷோவுக்கு எத்தனை நாள் இருக்கிறதோ அதில் குறைந்தது பத்து நாள் முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள். புது ஸ்ட்ரிங் முதல் ரெண்டு நாள் நீண்டுகொண்டே இருக்கும். நெக் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். மீதி நாள் உங்கள் மூளைக்கு. எல்லா நோட்டும் ஒரு ஸ்ட்ரிங் தள்ளிப் போயிருக்கும். ஈ-க்குப் பழகிய கை மேல் ஸ்ட்ரிங்குக்குப் போனால் பி வரும், முதல் ரிகர்சலில் நாலு தடவையாவது அது நடக்கும். சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்கள் நவம்பர் மழையிலும் மே வெயிலிலும் நெக்கை ஒரு தடவை அளந்து பாருங்கள். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நகரும், கால் சுற்று வேலை வரும்.

கழற்றிய பழைய நட்டையும் அந்த 45 ஸ்ட்ரிங்கையும் ஒரு சின்ன கவரில் போட்டு கேஸ் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். கவர் மேலே எந்த பேஸுடையது என்று எழுதி வையுங்கள்.